சாய்ந்த மெட்டு

வீணையின் தண்டியில் குறுக்காகப் பதிந்திருக்கும் பித்தளைத் துண்டுக்கும், ஒரு பாடலின் இசையமைப்புக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குகிறது: மெட்டு. இரண்டும் ஒரே வேரினவா என்பதை அகராதியியலார் தீர்த்துக்கொள்ளட்டும். வழக்கில் இரண்டும் அருகருகே வாழ்கின்றன என்பதே இங்குப் போதும். வீணை செய்வோரிடம் இன்னொரு சொல்லும் உண்டு. 24 மெட்டுகளையும் மெழுகில் அமர்த்திச் சுருதி சேர்த்து நிறுத்தும் வேலையை அவர்கள் ‘மேளம் கட்டுதல்’ என்பர். நாகசுரக் குழுவும் மேளம், 72 தாய் இராகங்களும் மேளம், மெழுகில் நிற்கும் பித்தளை வரிசையும் மேளம். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எவையும் கூடி உருவாக்காத சொற்கள் இவை. கைகளிடையே புழங்கிப் பொருள் பெருத்தவை.

கரமனை அக்கிரகாரத் தெரு ஒன்றில், முன்னறைச் சுவரோரம் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று பலாமரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணை. மற்றொன்று எட்டுக் கம்பிகள் கொண்ட மின்கிதார். இரண்டிலும் மெட்டுகள் 24. வீணையின் மெட்டுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. கிதாரின் மெட்டுகளோ பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல, நடுவில் ஒன்று நேராக நிற்க, ஏனையவை இருபுறமும் எதிரெதிராகச் சாய்ந்து விரிகின்றன. வீணை எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டியுடையது. கிதார் அவருடைய பேரனுடையது. கழக்கூட்டத்தில் மென்பொருள் பணி, இரவில் இசை.

கிதார் வீட்டுக்கு வந்த அன்று மூதாட்டி கேட்ட கேள்வி இது: “ஏண்டா, மெட்டெல்லாம் கோணிண்டு இருக்கே, செஞ்சவனுக்குக் கண் சரியில்லையா?”

“வேணும்னேதான் பாட்டி அப்படி வெச்சிருக்கா. தடிக் கம்பிக்கு நீளம் ஜாஸ்தி வேணும்.”

“அப்போ நாலு கம்பியையும் ஒரே நீளத்துல வெச்சவாளெல்லாம் முட்டாளா?”

இக்கேள்வியைக் கேலி என்று தள்ளிவிட முடியாது. நரம்புக் கருவிகளின் வரலாறு முழுவதும் இதற்கான விடைகளால் ஆனது.

கம்பியின் சுருதியை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: அதிரும் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் எடை. பிரான்சின் மெர்சேன் 1636இல் வெளியிட்ட நூலில் இவ்வுறவை வகுத்துரைத்தார். நீளம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால் எடை நான்கு மடங்காக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எட்டுக் கம்பிக் கிதாரின் வழக்கமான சுருதியில் மிகக் கீழ்க் கம்பி நொடிக்கு ஏறத்தாழ 46 முறையும், மிக மேற்கம்பி ஏறத்தாழ 330 முறையும் அதிர்கின்றன. ஒரே நீளம், ஒரே இழுவிசை என்று பிடிவாதம் பிடித்தால், கீழ்க் கம்பி மேற்கம்பியைவிட 51 மடங்கு எடையுள்ளதாக இருக்க வேண்டும். அத்துணைத் தடித்த கம்பி, கம்பியாக நடந்துகொள்ளாது. விறைப்பான கோலைப் போல நடந்துகொள்ளும். அதன் மேற்சுரங்கள் தத்தம் இடத்தைவிட உயர்ந்து ஒலிக்க, அடிச்சுரம் கலங்கிப்போகும். எடையைக் குறைத்து இழுவிசையைத் தளர்த்தினாலோ கம்பி தொய்ந்து, மீட்டியவுடன் சுருதி ஏறி இறங்கும்.

பியானோவின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்: கீழ்ச் சுரங்களுக்கு நீண்ட கம்பி, மேற்சுரங்களுக்குக் குறுகிய கம்பி. ஆனால் பியானோவில் மெட்டு இல்லை. ஒரு கம்பி ஒரு சுரத்தையே பேசும். கிதாரில் ஒவ்வொரு கம்பியும் 24 இடங்களில் அழுத்தப்படும். கீழ்க் கம்பிக்கு 686 மில்லிமீட்டர், மேற்கம்பிக்கு 648 மில்லிமீட்டர் என்று நீளத்தை மாற்றினால், ஒவ்வொரு கம்பிக்கும் மெட்டுகளின் இடம் அதனதன் நீளத்துக்கு ஏற்ப மாறும். முதல் மெட்டு மேற்கம்பியில் மேருவிலிருந்து 36 மில்லிமீட்டரிலும், கீழ்க் கம்பியில் 38 மில்லிமீட்டருக்குச் சற்று அப்பாலும் விழும். (வீணையில் கம்பிகள் பிருடையைவிட்டு இறங்கித் தண்டிக்கு வரும் இடத்தில் உள்ள பட்டைக்கு மேரு என்று பெயர். கிதாருக்கும் இச்சொல் தடையின்றிப் பொருந்துகிறது. மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் ‘குதிரை’யும் அப்படியே.) எட்டுக் கம்பிகளிலும் ஒரே சுரத்துக்குரிய புள்ளிகளைக் குறித்து ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு சாய்ந்து விழும். அச்சாய்வுதான் விசிறி. 51 என்ற எடை விகிதம் இதனால் 45 ஆகக் குறைகிறது. கேட்பதற்குச் சிறு வேறுபாடு; கீழ்க் கம்பியின் பேச்சில் தெளிவு கூடுவதைக் காது உடனே உணரும்.

இது இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைப்பது தவறு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புழங்கிய ஆர்ஃபேரியன் என்னும் உலோகக் கம்பிக் கருவியில் சாய்வு மெட்டுகள் இருந்தன. 1617இல் இலண்டனில் செய்யப்பட்ட ஒன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கருவி வழக்கொழிந்தபோது கருத்தும் உறங்கிப்போயிற்று. 1989இல் அமெரிக்கக் கருவிவினைஞர் ரால்ஃப் நோவக் சாய்வு மெட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த எட்டுக் கம்பிக் கருவியில்தான் ஜாஸ் கலைஞர் சார்லி ஹன்டர் பாஸ் பகுதியையும் கிதார் பகுதியையும் ஒருவராகவே வாசித்துக் காட்டினார். கனடாவின் டிங்வால் பாஸ் கிதார்களும் சுவீடனின் ஸ்ட்ராண்ட்பெர்க் கிதார்களும் பின்னர் இவ்வழியில் நடந்தன. இடையே 2000களில் சுவீடனின் மெஷுகா குழுவும், அதைத் தொடர்ந்து டோசின் அபாசி போன்றோரும் எட்டுக் கம்பிக் கிதாரை ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்த நிலையிலிருந்து மீட்டனர். கரமனைப் பேரன் முதலில் கேட்டது அபாசியின் இசையைத்தான்.

தமிழ்ச் சூழலில் இத்தகைய நீட்டிப்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில் உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலினே முதலில் நிற்கும். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து சென்னையில் புகழ் பெற்ற அவர், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட மேலைக் கருவியை ஒற்றைக் கம்பிகளாக்கினார். இரட்டைக் கம்பிகளை ஒருசேர இழுத்துக் கமகம் செய்வது அரிது என்பது ஒரு காரணம். கீழ்ஸ்தாயிக்கு ஐந்தாம் கம்பியையும் சேர்த்தார். மின்பெருக்கத்தை அச்சமின்றி ஏற்றார். மாண்டலினின் அதிரும் நீளமோ கிதாரினதில் பாதியைச் சற்றே தாண்டும். அக்குறுகிய நீளத்தில் மந்தர ஸ்தாயியைப் பேசவைக்க மின்சாரம் இல்லாமல் இயன்றிருக்காது. கிதாரைக் கர்நாடக மேடைக்குக் கொணர்ந்த சுகுமார் பிரசாத், பின்வந்த பிரசன்னா ஆகியோரின் வழி வேறு: அவர்கள் கருவியின் உடலை அதிகம் மாற்றாமல் கையை மாற்றினார்கள். இரண்டு வழிகளுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஆய்வுலகம் கையின் மாற்றத்தைப் பேசுமளவுக்குக் கருவியின் மாற்றத்தைப் பேசுவதில்லை. கருவிவினைஞர்கள் கட்டுரை எழுதாமையால் நேரும் குறை அது.

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். நான்கு கம்பிகளை ஒரே நீளத்தில் வைத்தவர்களின் கணக்கு என்ன? வீணையின் சாரணி ஆதார சட்ஜம். அடுத்தது அதற்குக் கீழான பஞ்சமம். மூன்றாவது மந்தர சட்ஜம். நான்காவது அனுமந்தர பஞ்சமம். சாரணிக்கும் அனுமந்தரத்துக்கும் இடையிலான சுருதி விகிதம் எட்டுக்கு மூன்று. ஒரே நீளம், ஒரே இழுவிசை எனக் கொண்டால் எடை விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்கு மட்டுமே. மேல் இரண்டுக்கு எஃகு, கீழ் இரண்டுக்குப் பித்தளை என்று உலோகத்தை மாற்றியதில் அந்த ஏழு மடங்கு பெரிதும் துன்பமின்றி அடங்கிவிடுகிறது. வீணை தன் வீச்சைக் கம்பிகளின் எண்ணிக்கையால் பெறவில்லை. ஒரே கம்பியில் இரண்டு ஸ்தாயி நடப்பதாலும், பக்கவாட்டில் இழுப்பதாலும் பெறுகிறது. 51 மடங்கு என்னும் நெருக்கடி அதற்கு நேரவேயில்லை. முட்டாள்தனம் எங்குமில்லை, சிக்கலின் அளவு வேறு.

அதற்கும் முந்தைய தமிழ் விடை ஒன்று உண்டு: யாழ். பத்தரிலிருந்து வளைந்தெழும் கோட்டில் கட்டப்பட்ட நரம்புகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நீளம் கொண்டவை. 21 நரம்பு பேரியாழுக்கு, 14 சகோட யாழுக்கு, ஏழு செங்கோட்டி யாழுக்கு என்று சிலப்பதிகார உரைமரபு எண்ணிச் சொல்கிறது. வளைவின் வடிவமே நீளப் பங்கீட்டைச் செய்துவிடுகிறது. ஆனால் ஒரு நரம்பை அழுத்திப் பல சுரம் எடுக்கத் தண்டி இல்லை. நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அதன் பொது ஒழுங்கு. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்நூலின் கணக்குகளோடு இன்றைய கிதார் வினைஞர் ஒருவரை அமரவைத்தால் இருவருக்கும் பேச்சு எளிதில் ஓடியிருக்கும். விசிறி மெட்டுக் கருவி செய்வது இதுதான்: யாழைப் போல நரம்புதோறும் தனி நீளம், வீணையைப் போல நரம்புதோறும் பல சுரம். இரண்டையும் ஒரே தண்டியில் பெற மெட்டு சாய்ந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

கரமனைக்கு நரம்புக் கருவிகள் புதியன அல்ல. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் சரசுவதி, குழித்துறையும் நெய்யாற்றின்கரையும் கடந்து கரமனை வழியாகவே தலைநகரில் நுழைகிறாள். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. உடன்வரும் வேளிமலைக் குமாரசுவாமி இங்கிருந்துதான் வெள்ளிக்குதிரை மீது ஏறுவார். 1956 நவம்பர் 1க்குப் பின் பத்மநாபபுரம் தமிழ்நாட்டிலும் கரமனை கேரளத்திலும் ஆயின. சரசுவதி அதைப் பொருட்படுத்தாமல் மாநில எல்லையைக் கடந்து வந்து போகிறாள். சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு பெற்ற தந்த வயலினைப் பற்றி நூல்கள் சொல்கின்றன. மேலைக் கருவி கர்நாடக இசைக்குள் நுழைந்த வாசல்களில் இவ்வூரும் ஒன்று. 1939இல் இசை அகாதெமியாகத் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி தைக்காட்டில் இருக்கிறது. வீணை கே. எஸ். நாராயணஸ்வாமி அங்குப் பணியாற்றிய ஆண்டுகளில் பயின்றவர் இம்மூதாட்டி. கரமனையாற்றுப் பாலத்துக்கு அருகிலிருந்து நாள்தோறும் நடந்தே போய்வந்ததாகச் சொல்வார்.

ஒருநாள் மாலை, கிதாரை அவர் மடிமீது வீணையைப் போலக் கிடத்திப் பார்த்தார். விரலால் ஒரு கம்பியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தார். மறுபுறமும் இழுத்தார். மீண்டும் செய்தார். பின்னர்ச் சொன்னார்: “பக்கம் பார்த்து இழுக்கணும்டா இதுல. இந்தண்டை இழுத்தா ஒண்ணு சொல்றது, அந்தண்டை இழுத்தா ஒண்ணு சொல்றது.”

பேரன் அதை ஓராண்டாகக் கவனித்ததில்லை. வடிவியலோ அவர் பக்கம். சாய்ந்த மெட்டின் மீது கம்பி பக்கவாட்டில் நகரும்போது, தொடும் புள்ளியும் மெட்டின் வழியே சற்று முன்னோ பின்னோ போகிறது; அதிரும் நீளம் மாறுகிறது. மேருவுக்கு அருகில் கீழ்க் கம்பிகளின் பக்கமாக இழுத்தால் நீளம் சிறிது கூடும். இழுவிசையால் ஏறும் சுருதியில் ஒரு துளியை அந்நீளம் திருப்பி எடுத்துக்கொள்ளும். எதிர்ப்புறம் இழுத்தால் ஒரு துளி கூடுதலாகக் கிடைக்கும். குதிரையை நெருங்கிய மெட்டுகளில் இது தலைகீழாகும். அளவு மிகச் சிறிதுதான். கிதார் உலகில் இதைப் பற்றிய கவலை குறைவு. அங்கே இழுப்பு ஓர் அணி. வீணையில் இழுப்பே இராகம் என்பதால், 60 ஆண்டு பழகிய விரல் அத்துளியைத் தவறவிடவில்லை.

சிக்கல் வீணையின் பக்கத்திலும் இருந்தது. அதன் மேளம் கட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மெட்டுகளைத் தாங்குவது தேன்மெழுகோடு கரித்தூள் குழைத்த கறுப்புச் சட்டம். கடலோர ஊரின் வெப்பத்தில் அது இளகும், பின் இறுகும், ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மெட்டு நெல்லிடை நகரும். மந்தரக் கம்பியில் காந்தாரம் பிசகியிருந்தது. மூதாட்டி மந்தர ஸ்தாயிக்கு இறங்குவதையே நிறுத்திவிட்டார், தோடி வாசிப்பதையும். முன்பெல்லாம் குறிப்பிட்ட காலத்தில் வந்துபோன மேளம் கட்டுபவர் இறந்துவிட்டார். அவர் மகன் வேறு தொழிலில் இருக்கிறார்.

பேரனுக்குத் தீர்வு தெளிவாகத் தெரிந்தது. “இனிமே யாரு வந்து மேளம் கட்டப்போறா பாட்டி? மெழுகை எடுத்துட்டு, மெட்டை மரத்துலயே நிறுத்திடலாம். கணக்கு நான் போடறேன்.”

“கணக்கை நீ போட்டுடுவே. காந்தாரத்தை யார் வெப்பா?”

இவ்வுரையாடல் சில வாரங்கள் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தது. இரண்டு நாள் பேச்சே இல்லாமலும் போயிற்று. பேரனின் வாதத்தை இகழ்வது எளிது, நியாயமன்று. மெழுகில்லாத, நிலைமெட்டு வீணைகள் இன்று சந்தையில் இருக்கின்றன. பயணம் செய்யும் கலைஞர்களுக்கு அவை பேருதவி. வாசிக்கப்படாத மெழுகு வீணையைவிட வாசிக்கப்படும் நிலைமெட்டு வீணை மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலைமெட்டு என்றால் யாருடைய கணக்கு? சமப்பங்கீட்டுக் கணக்கில் ஒரு ஸ்தாயி 12 சம படிகள். அந்தர காந்தாரத்தை ஐந்துக்கு நான்கு என்னும் இயற்கை விகிதத்தில் கொண்டால், அது சமப்பங்கீட்டின் இடத்திலிருந்து விலகும். 85 செ.மீ. கம்பியில் அவ்விலகல் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தம்புராவின் அருகில் அந்த ஐந்து மில்லிமீட்டர் சிறிதன்று. பேரன் அளவுநாடாவோடு ஓர் ஞாயிறு முழுவதும் பழைய மெட்டுகளை அளந்தான். எந்த வரிசையும் எந்தச் சூத்திரத்திலும் முழுமையாக அடங்கவில்லை. சிலவற்றை மெழுகின் நகர்வு என்று தள்ளலாம். எல்லாவற்றையும் அப்படித் தள்ள முடியவில்லை. அழுத்தும்போது தடித்த பித்தளையும் மெல்லிய எஃகும் ஒரே அளவில் சுருதி ஏறுவதில்லை என்பதும் அந்த வரிசையில் கலந்திருந்தது.

தஞ்சாவூரில் தேடி ஒருவரை வரவழைத்தனர். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேளம் கட்டுபவரின் நாட்கூலிக்கு அதனால் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. வந்தவர் முன்னறையிலேயே மெழுகைக் காய்ச்சினார். மெழுகும் கரியும் கலந்த மணம் தெருமுனை வரை சென்றது. பழைய சட்டத்தைப் பெயர்த்து, புதியதை வார்த்து, ஒவ்வொரு மெட்டாக அமர்த்தி, நான்கு கம்பிகளிலும் ஒலித்துப் பார்த்தார். கருவி ஏதுமில்லை, மூதாட்டி பிடித்த சட்ஜமும் அவர் காதும் மட்டுமே. மந்தரப் பக்கம் ஒத்துவராத ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்தினார். பின்னர் அதன் ஒரு முனையை மட்டும் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். மெட்டு மயிரிழை சாய்ந்து நின்றது.

அருகில் அமர்ந்திருந்த பேரன் சுவரோரம் இருந்த கிதாரை ஒருமுறை பார்த்தான். ஏன் சாய்த்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் தலைநிமிராமலே விடை சொன்னார்: “நாலு கம்பியும் ஒரே பேச்சைக் கேக்காது தம்பி. எது முரண்டு பண்ணுதோ, அது பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்.”

வேலை இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை மூதாட்டி தோடி வாசித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் மந்தரத்திலேயே.

அடுத்த மீன மாத வெயிலில் ஒரு மெட்டு மீண்டும் தளர்ந்தது. தஞ்சாவூர்க்காரர் தொலைபேசியில், இதற்காக வரவேண்டாம், நீங்களே செய்யலாம் என்று முறை சொன்னார். கிதாரின் மின்னிணைப்புகளைப் பற்றவைக்க வாங்கிய சூட்டுக்கோலைப் பேரன் எடுத்துவந்தான். பித்தளையின் முனையைத் தொட்டு மெழுகை இளக்கினான். கணிப்பொறித் திரையில் சுருதிமானி ஓடிக்கொண்டிருந்தது. அது பச்சை காட்டியதும் கையை எடுக்கப் போனான். “இரு, இன்னும் ஒரு நெல்லிடை மேருப் பக்கமா தள்ளு” என்றார் மூதாட்டி. தள்ளினான். திரை சிவந்தது. அவர் கம்பியை மீட்டி, இழுத்து, மறுபடி மீட்டினார். “அங்கயே விடு” என்றார். மெழுகு இறுகும் வரை அவன் விரல் அங்கேயே இருந்தது.